புயலுக்கு முன் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள்

நான் சர்வர் புரோகிராம் எழுதுகிறவள். ஊருக்குப் போனால் அது என்ன வேலை என்று கேட்பார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசினாலும் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் பேச்சோடு கலக்காமல் கேட்டுப் பதில் சொல்கிற வேலை என்பேன். "டெலிபோன் ஆபீஸா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்ததற்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி காரணம் எதுவும் இல்லை. வேலை கிடைத்தது, வந்தேன். வியர்வையும் மீன் வாசனையும் சீக்கிரமே பழகிவிட்டன. மனிதர்கள் பழகத்தான் கொஞ்சம் நாளாயிற்று. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

ஆபீஸ் பாலிகஞ்சில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. முன்பு யாரோ குடும்பம் நடத்திய இடம். என் மேஜை சமையலறையில். பாத்திரம் கழுவுகிற தொட்டி அப்படியே இருந்தது, அதில் எந்நேரமும் டீ கப்புகள் கிடக்கும். நாங்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டியும் அதற்கான சர்வரும். பெட்டி சோப்பு டப்பா அளவுதான். ஒரு வயர், ஒரு பிளக், ஒரு சிவப்புப் பொத்தான், உள்ளே ஒரு சிம் கார்டு. தனியாக இருக்கிற வயதானவர்கள் வீட்டில் வைப்பது. முடியாமல் போனால் பொத்தானை அழுத்தலாம். அழுத்தாவிட்டாலும் பெட்டி இரவு பகல் பாராமல் சர்வரோடு தொடர்பில் இருக்கும். தொடர்பு அறுந்தால் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த வீட்டுக்குப் போன் போடுவார்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் சாவி வைத்திருக்கிற அக்கம்பக்கத்தாருக்குப் போன் போகும், பிள்ளைகளுக்குச் செய்தி போகும்.

தென் கொல்கத்தாவில் இந்தப் பெட்டிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் கனடாவிலும் இருப்பார்கள். அம்மா அப்பா இங்கே தங்கள் ஃபிளாட்டில், தங்கள் மீன்காரர், தங்கள் டாக்டர், தங்கள் செய்தித்தாள் என்று இருப்பார்கள். அங்கிருந்து யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டார்கள். அவர்கள் அசையாமல் இருப்பதில்தான் எங்கள் கம்பெனி ஓடியது.

சர்வரைப் பொறுத்தவரை ஒவ்வொரு பெட்டியும் ஒரு கிளையன்ட். அந்தக் கிளையன்ட்டிடம் சர்வரின் மற்ற பகுதிகள் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று முதலிலேயே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். அதைத்தான் இன்டர்ஃபேஸ் என்கிறோம். நன்றாக எழுதினால் அப்படி ஒன்று இருப்பதையே யாரும் கவனிக்க மாட்டார்கள். மோசமாக எழுதினால் வருஷக்கணக்கில் திட்டுவார்கள். என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். புரோகிராம் எழுதுவதைவிட எதை எழுத வேண்டாம் என்று முடிவு செய்வது எனக்கு எப்போதும் சந்தோஷம்.

சர்வர் வேலையில் என்னோடு இருந்தவர் ஒருவர்தான். என் வயதுக்காரர். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் வங்காளம். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் ஊரிலிருந்து நேரே வந்தவள் என்பதால் என்னிடம் மட்டும் கஷ்டப்பட்டுத் தமிழ் பேசுவார். கிளையன்ட்டுக்கான இன்டர்ஃபேஸை முதலில் அவர்தான் எழுதிக் கொண்டுவந்தார். சிக்னல் எவ்வளவு, கடைசியாக எப்போது பேசியது, எந்தப் பேட்டையில் இருக்கிறது, யார் வீடு, என்ன மாடல் என்று பக்கம் நிறைய இருந்தது.

"இதுல ஜாதகம் ஒண்ணுதான் பாக்கி. எதுக்கு இவ்வளவு?" என்றேன்.

"பின்னாடி ஏதாச்சும் காஜ்ல வரும் தீதி," என்றார். காஜ் என்றால் வேலை, தீதி என்றால் அக்கா. என்னைவிட சில மாதம்தான் சின்னவர், ஆனால் ஆபீஸ் முழுக்க என்னைத் தீதி என்று கூப்பிட்டதால் அவரும் கூப்பிட்டார்.

"பின்னாடி வர்றது பின்னாடி வரட்டும். இப்ப எல்லாத்தையும் அழிங்க."

அழித்துவிட்டு மூன்றே மூன்று கட்டளைகளை வைத்தேன். கேள், சொல், முடி. கிளையன்ட் சொல்வதைக் கேட்கலாம், அதனிடம் ஒன்றைச் சொல்லலாம், தொடர்பை முடித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். பார்க்க எளிதாக இருக்கும், உள்ளே அத்தனை சுலபம் இல்லை. 'சொல்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாங்கள் செய்தபடி, சர்வர் ஒவ்வொரு பெட்டியாகப் போய்ச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகரும். சிக்னல் மோசமான ஏதோ ஒரு வீட்டில் பெட்டி மெதுவாக வாங்கிக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் காத்துக்கிடந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் கடைக்காரரிடம் சொந்தக்கதை பேச ஆரம்பித்த மாதிரி. அதனால் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனியாக ஒரு தட்டு வைத்தோம். 'சொல்' என்றால் அந்தத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பது தட்டின் பாடு. தட்டு நிரம்பி வழிந்தால் அந்தக் கிளையன்ட் அத்தோடு முடிந்தது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்கத் தேவையில்லை.

'முடி' இன்னும் தொல்லை பிடித்தது. சர்வர் முடிக்க நினைக்கிற அதே நொடியில் கிளையன்ட்டும் போய்விடலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'முடி' என்று சொன்னால் புரோகிராம் குழம்பி நின்றுபோகும். எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவைக்குத்தான் பலன், மற்றவை சும்மா போகட்டும் என்று வைத்தேன். செத்தவரை இன்னொரு தடவை சாகடிக்க முடியாது, அதே நியாயம்தான். கட்டளைகள் மூன்றே என்பதால் சோதனைக்குப் பொய்க் கிளையன்ட்டுகள் செய்வது சுலபமாக இருந்தது. கரக்பூர்க்காரர் உட்கார்ந்து விதவிதமாகச் செய்தார். ஓயாமல் பேசுவது, வாயே திறக்காதது, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு முழிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் யார் சாயல் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எப்படி முடிந்தது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, முடிந்ததா இல்லையா என்று தெரிந்தால் போதும். இதுதான் என் கட்சி. கம்பி அறுந்ததா, பிளக் பிடுங்கப்பட்டதா, பெட்டி கெட்டதா என்பதெல்லாம் கீழே நடக்கிற சமாச்சாரம். அந்த மூன்று கட்டளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

நான் குடியிருந்தது லேக் கார்டன்ஸில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடி. எனக்கு நேர் கீழே ஒரு மாஷிமா தனியாக இருந்தார். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி; இங்கே வயதான பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அரசு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள், கனடாவில். நான் சொல்லப்போகிற கோடைக்கு முந்தின குளிர்காலத்தில் மாஷிமாவுக்குக் குளியலறையில் தலை சுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். மகளிடம் அதை வேலைக்காரப் பெண் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மகள் ஜாதவ்பூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, போ போ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருநாள் பேச்சு வாக்கில் நான் எங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்லப்போக, தாயும் மகளும் அதில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். பெட்டி இருக்கும்வரை மாஷிமா வீட்டில் இருக்கலாம். அது சரிப்படவில்லை என்றால் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். சாவி வைத்திருக்கும் அண்டைவீட்டுக்காரி என்று என் பெயரைக் கொடுத்தார்கள்.

"அங்க போனா என்ன மாஷிமா? எல்லா வசதியும் இருக்குன்னு சொல்றாங்களே," என்று கேட்டேன். என் வங்காளம் ஓட்டை உடைசல்தான், அவர் பொறுத்துக்கொள்வார்.

"அங்க அவங்க நினைச்ச நேரத்துக்கு டீ குடுப்பாங்க. எனக்கு நான் நினைச்ச நேரத்துக்கு வேணும்," என்றார். அதற்குமேல் விளக்க அவருக்கும் பொறுமை கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பெட்டியை அவருக்குப் பிடிக்கவில்லை. டிவிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, டெலிபோனுக்கு உறை போட்டிருக்கிற வீடு அது. பெட்டிக்கும் கையால் பின்னிய வெள்ளை உறை ஒன்று போட்டு மூடிவிட்டார். விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பாவாடையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கால்பைசாகி வந்தது. சித்திரை வைகாசி மாலைகளில் வடமேற்கு வானம் திடீரென்று கறுத்து, காற்றும் இடியுமாக வந்து ஊரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போகிற புயல் மழை. வெயிலில் வெந்துகொண்டிருக்கிற ஜனங்களுக்கு அது வருவது கொண்டாட்டம். ஆனால் முதல் இடி கேட்டதும் எல்லா வீட்டிலும் ஒரு வேலை நடக்கும். அறை அறையாகப் போய் எல்லா பிளக்கையும் பிடுங்குவார்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே வெளியே வந்தாக வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, ஒன்று விடாமல். இடியெல்லாம் தூரம் போன பிறகும் அவசரப்பட்டு மாட்ட மாட்டார்கள். எங்கள் முதலாளி எஞ்சினியரிங் படித்தவர், அந்தப் பெட்டியை வடிவமைத்தவரே அவர்தான். வானம் இருட்டினால் அவரே மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் எங்கள் கம்ப்யூட்டர்களின் பிளக்குகளைப் பிடுங்குவார். பாதி எழுதிய புரோகிராமோடு நான் கத்துவேன். "இடி, இடி!" என்பார், மேஜைக்கு அடியிலிருந்து. அவர் பிள்ளைப் பிராயத்தில் அவர் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவர் கூட யோசிக்காத ஒன்று, எங்கள் பெட்டிக்கும் பிளக் உண்டு என்பது. வருஷத்தின் முதல் கால்பைசாகி அன்று சாயங்காலம் டாலிகஞ்சிலிருந்து கரியாஹாட் வரை பெட்டிகள் வரிசையாக மறைந்தன. சர்வருக்கு என்ன தெரியும்? நான் எழுதியபடி அது எல்லாவற்றையும் 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டது. பக்கத்து அறையில் திரை முழுக்கச் சிவப்பு. அந்தப் பெண்கள் போன் மேல் போன் போட்டார்கள். கிழவர் கிழவிகள் போனையும் சார்ஜரிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் வீட்டிலிருந்து பதில் இல்லை' என்ற செய்தி உலகம் பூராவும் போனது. பிள்ளைகள் அலறினார்கள். அதில் உண்மையிலேயே யாராவது விழுந்து கிடந்திருந்தால் அந்தச் சிவப்பில் அவரைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

எனக்கு மாஷிமாவின் மகளிடமிருந்து போன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள். நான் பாலிகஞ்சிலிருந்து லேக் கார்டன்ஸ் வரை முழங்கால் தண்ணீரில் நனைந்துபோய்ச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால், மாஷிமா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் இப்படி நனைஞ்சிருக்க? துண்டு எடுத்துக்கோ," என்றார்.

அன்றைக்கு மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை இப்படிப் பயப்பட என்னால் முடியாது, அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் நேரே டிக்கெட் போட்டு வந்து அம்மாவை இல்லத்தில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இதற்கு என் மூன்று கட்டளைகளும் ஒரு காரணம் என்று அவளுக்குத் தெரியாது.

"பிளக்கைப் பிடுங்காதீங்கன்னு சொல்லிப் பார்க்கலாமா?" என்றேன் மறுநாள் ஆபீஸில்.

கரக்பூர்க்காரர் சிரித்தார். "எங்க அம்மா கிட்ட நீங்க சொல்லிப் பாருங்க தீதி. கிருஷ்ணர் வந்து சொன்னாலும் கேட்க மாட்டாங்க. நாலாவதா ஒண்ணு போடணும். போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போற மாதிரி."

எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று என்பது அழகாக இருந்தது, நாலு என்றால் இடிக்கிறது. ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. அதனால் வேறு வாதம் பிடித்தேன். "கரண்ட் போனதுக்கப்புறம் பெட்டி எப்படிப் பேசும்? வாயே இல்லாம?"

அதற்கு முதலாளிதான் பதில் சொன்னார். பெட்டிக்குள் கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைக்கிற சின்ன உருப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒன்றிரண்டு நொடி அதற்கு உயிர் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாக அது போதும். நான் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு நாலாவது கட்டளையை எழுதினேன். விடைபெறு. கிளையன்ட் விடைபெற்றுப் போனால் சர்வர் பதற வேண்டாம், மறுநாள் காலைவரை பொறுக்கலாம். சொல்லாமல் போனால்தான் போன் போட வேண்டும். சிவப்புக்குப் பதில் திரையில் பச்சையாக 'விடைபெற்றார்' என்று வரும். பிள்ளைகளின் போனிலும் அதுவே தெரியும்.

"பிளக்கைப் பிடுங்கினதுக்கப்புறம் அவங்களுக்கு ஏதாச்சும் ஆனா?" என்றார் கரக்பூர்க்காரர்.

"பிளக் இல்லாத பெட்டி அதுக்கு என்ன செய்யும்?" என்றேன். முதலாளி தலையாட்டினார். அப்படியே போட்டோம்.

அடுத்த புயல் வந்தபோது தென் கொல்கத்தா முழுவதும் பச்சை பச்சையாக விடைபெற்றது. கட்டடத்தையே காலி செய்துகொண்டு எல்லோரும் வரிசையாகக் கும்பிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டே இரண்டு சிவப்பு. ஒன்றில் சிம் கார்டு கெட்டிருந்தது, இன்னொன்றை எலி கடித்திருந்தது. பக்கத்து அறைப் பெண்கள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாஷிமாவின் மகள் எனக்கு நன்றி சொல்லி நீளமாக எழுதினாள். இல்லத்தைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. நான் நாலு கட்டளைகளையும் பார்த்துக்கொண்டு, நாலும் அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனசு சீக்கிரம் மாறிவிடுகிறது.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு விடுமுறை நாள் மாலை, கடைசியாக ஒரு கால்பைசாகி அடித்தது. நான் வீட்டில் இருந்தேன். புயல் ஓய்ந்து தெருவில் ஆட்கள் நடக்க ஆரம்பித்ததும், முனைக் கடையில் சூடாக பேகுனி வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். பேகுனி என்றால் கத்தரிக்காய் பஜ்ஜி. மாஷிமா வீட்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே டக் டக்கென்று ஏதோ தட்டுகிற சத்தம். நின்று கேட்டேன். விட்டு விட்டுத் தட்டியது. கூப்பிட்டேன். சத்தம் வேகமாயிற்று.

சாவியைப் போட்டுத் திறந்தேன். மாஷிமா தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் ஸ்டூல் உருண்டு கிடந்தது. அந்த வீட்டில் பழைய பாணியில் சுவிட்ச் போர்டுகள் எல்லாம் உயரத்தில் இருக்கும், ஏறித்தான் எடுக்க வேண்டும். அவர் கையில் எங்கள் பெட்டியின் பிளக் இருந்தது. அதன் பித்தளை முனையால்தான் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திப் பார்த்தேன். மழையில யாருக்கும் கேட்கலை," என்றார்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். பழக்க தோஷம். பச்சையாக இருந்தது. 'விடைபெற்றார்.' பிளக் வெளியே வந்திருக்கிறது, பெட்டி முறைப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது, அடுத்த கணம் அவர் விழுந்திருக்கிறார். சர்வர் நான் சொன்னபடி மறுநாள் காலைவரை பொறுத்திருக்கத் தயாராக இருந்தது.

அவரை மெல்லத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன். போன் போட்டதும் தெருமுனை டாக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். காலை அழுத்திப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்கு, ஐஸ் வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள், வலி தீராவிட்டால் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். பிளக் பிடுங்கப்பட்ட ஃபிரிட்ஜில் ஐஸ் பாதி தண்ணீராகி இருந்தது. இருந்ததைத் துணியில் சுற்றிக் காலில் வைத்தேன். இருவருக்கும் ஒரே நினைப்புதான். மகளுக்குத் தெரிந்தால் இந்த வீடு போயிற்று. தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை. அவள் போனில் பச்சைதான் தெரிகிறது.

அப்போது மாஷிமாவின் போன் அடித்தது. மகள்தான். பதறி அடித்துக் கூப்பிடவில்லை. அங்கே காலை நேரம். செய்தியில் புயல் என்று பார்த்திருப்பாள், பச்சையைப் பார்த்து நிம்மதியாக, சும்மா பேசக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் பொய்க்குத் தயாராகிவிட்டேன். ஒளிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மாஷிமா கண்ணைக் காட்டினால் போதும், போனை வாங்கி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, பொரி சாப்பிடுகிறார் என்று சொல்லியிருப்பேன். மேலே இருப்பவர்களுக்கு எல்லாமும் தெரிய வேண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லியே பிழைக்கிறவள் நான். ஆனால் பயமாகவும் இருந்தது. அடுத்த தடவை நான் ஊரில் இருப்பேனா என்று யாருக்குத் தெரியும்?

மாஷிமா என் பக்கம் பார்க்கவே இல்லை. காது சரியாகக் கேட்காது என்பதால் எப்போதும் போல ஸ்பீக்கரைப் போட்டார்.

"நான் விழுந்துட்டேன்," என்றார்.

"மா!"

"ஸ்டூல்ல ஏறி பிளக்கை எடுக்கறப்போ. கால் வீங்கியிருக்கு. எலும்பு உடையலை, டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. ரொம்ப நேரம் தரையிலதான் கிடந்தேன். மேல் வீட்டுப் பொண்ணு வந்து தூக்கினா. உன் மெஷின் உங்கிட்ட சொல்லலை. இவளும் சொல்லலை. நானே சொல்றேன்."

"மா, இதுக்குத்தான் நான் அன்னைக்கே..."

"இரு. நான் இன்னும் முடிக்கலை." குரல் நடுங்கவில்லை. "எனக்கு ஏதாவது ஆனா நானே சொல்றேன். மறைக்க மாட்டேன். சொல்ல முடியாம ஆயிட்டா வேற யாராவது சொல்லுவாங்க, அதை நீ தாங்கித்தான் ஆகணும். ஒண்ணும் ஆகாத நாள்ல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இங்கிருந்து சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாததுக்கு நீ பயப்படறேன்னா, உன் பயத்துக்காக என்னால வீட்டை விட முடியாது. நீதான் பழகிக்கணும்."

மறுமுனையில் எந்தச் சத்தமும் இல்லை. மூச்சுகூடக் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதா, அவள் வைத்துவிட்டாளா, இருக்கிறாளா என்று தெரியவில்லை. என் கை தன்னால் போனை எடுத்துப் பார்க்கப் போனது. மாஷிமா என் கையைத் தட்டிவிட்டார். ஹலோ ஹலோ என்று கூப்பிடவும் இல்லை. ஈரத் துணியை எடுத்துக் காலில் வேறு பக்கமாக வைத்துக்கொண்டு, மகள் அங்கே இருக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். என் அம்மாவும் நானும் இப்படி ஒரு தடவைகூட இருந்ததில்லை. சத்தம் நின்றால் நான் உடனே வைத்துவிடுவேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரிமா," என்றாள் மகள். "அங்கேயே இரு. ஸ்டூல்ல மட்டும் ஏறாத."

"ஏறுவேன்," என்றார் மாஷிமா. "பார்த்து ஏறுவேன்."